கலைப் படிப்பும் கல்யாணச் சந்தையும்

(மதுரை மாட்டுத்தாவணியில் நடந்த பகுத்தறிவுப் பிரசாரக் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



சர்வகலாசாலைகளில் ஆண்கள் எந்தப் பாடத்தைப் படிக்கிறார்கள், பெண்கள் எந்தப் பாடத்தைப் படிக்கிறார்கள், இந்த வித்தியாசம் எதனால் ஏற்பட்டது என்பதைப் பற்றி இன்று நாம் பேச வேண்டுமென்று தோழர்கள் கட்டளையிட்டிருக்கிறார்கள். காலேஜில் கால் வைத்துப் படித்திராத நம்மைப் பார்த்து இதைப் பேசச் சொன்னது வேடிக்கைதான். என்றாலும் சமைக்கத் தெரியாதவனுக்கும் குழம்பில் உப்பு அதிகமா குறைவா என்று சொல்ல உரிமையுண்டு அல்லவா? அந்த உரிமையைக் கொண்டே பேசுகிறோம். நாம் சொல்வதை அப்படியே நம்பிவிட வேண்டாம். வீட்டுக்குப் போய் உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை மாத்திரம் வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

இந்த இடத்திற்கு மாட்டுத்தாவணி என்று பெயர். இன்றைக்கு இங்கே பஸ் நிலையமும், காய்கறி மார்க்கெட்டும், பூ மார்க்கெட்டும் இருக்கின்றன என்றாலும், பெயர் என்னவோ மாட்டுச் சந்தையின் பெயர்தான். மாட்டுச் சந்தையில் வியாபாரம் எப்படி நடக்கும் என்பது இங்குள்ள பெரியவர்களுக்குத் தெரியும். விற்கிறவனும் தரகனும் கையின் மேல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவனுக்கு விலை தெரியாது. மாட்டுக்கோ ஒன்றுமே தெரியாது. அதன் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள்; நெற்றியிலும் முதுகிலும் சுழி பார்ப்பார்கள்; "நீ எவன் தொழுவத்துக்குப் போகப் பிரியப்படுகிறாய்?" என்று அதனிடம் கேட்பவன் ஒருவனுமில்லை.

மாடு வாயில்லாத ஜீவன். அது கிடக்கட்டும். வாயும் இருந்து, புத்தியும் இருந்து, பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையில் நல்ல மார்க்கும் வாங்கிய ஒரு பெண், அடுத்தபடி என்ன படிப்பது என்பதையும் நாம் இந்தத் துண்டுக்குள்ளேதான் முடிவு செய்துகொண்டிருக்கிறோம். இதுதான் இன்று நாம் சொல்ல வந்த விஷயம்.

முதலில் நடந்திருக்கும் நன்மையைச் சொல்லிவிடுகிறோம். சென்னை சர்வகலாசாலை ஏற்பட்டது 1857-ல். ஏற்பட்டபோது அது ஆண்களுக்காகவே ஏற்பட்டது. 1875-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பெண்களைச் சேர்த்தார்கள். அப்படிச் சேர்ந்தவர்களில் மேரி ஷார்லீப் என்ற வெள்ளைக்கார அம்மையார் ஒருவர். 1904-ல் புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் முத்துலட்சுமி என்ற பெண் சேர விண்ணப்பம் போட்டபோது, ஆண்பிள்ளைகள் படிக்கிற இடத்தில் பெண்ணா என்று கூச்சல் கிளம்பிற்று. எதிர்ப்பையெல்லாம் தள்ளிவிட்டுப் புதுக்கோட்டை மன்னர் இடம் கொடுத்தார். அந்தப் பெண்தான் 1912-ல் டாக்டர் பட்டம் பெற்று, பிறகு சட்டசபைக்குள் நுழைந்து, தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்ட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

சென்னையில் ராணி மேரிக் கல்லூரி 1914-லும், பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரி 1915-லும் ஏற்பட்டன. நமது மதுரையிலோ ஆண்களுக்கு அமெரிக்கன் கல்லூரியும் மதுரைக் கல்லூரியும் 19-ம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டன. பெண்களுக்கென்று லேடி டோக் கல்லூரி வந்தது 1948-ல்தான். நம்மூரை மட்டும் குறை சொல்லிவிட வேண்டாம். நாகரிகத்தின் தாயகம் என்று சொல்லிக்கொள்ளும் இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலை பெண்களுக்குப் பட்டம் கொடுக்கச் சம்மதித்தது 1920-ல். கேம்பிரிட்ஜ் கொடுக்கத் தொடங்கியது அதே 1948-ல்! பெண் விஷயத்தில் வெள்ளையனுக்கும் கறுப்பனுக்கும் ரொம்ப வித்தியாசமில்லை.

இன்று நிலைமை என்ன? சர்க்கார் எடுத்த உயர்கல்விக் கணக்கின்படி, 2021-22-ம் வருஷத்தில் இந்தியா முழுவதும் காலேஜுகளில் படித்தவர்கள் 4 கோடியே 33 லட்சம் பேர். இதில் பெண்கள் 2 கோடியே 7 லட்சம் பேர். அதாவது கிட்டத்தட்டப் பாதி. இந்தியா முழுவதற்கும் 18 முதல் 23 வயதுக்குட்பட்ட 100 பேருக்கு 28 பேர் காலேஜில் இருந்தார்கள் என்றால், தமிழ்நாட்டில் 100-க்கு 47. நம் நாட்டில் ஆணும் பெண்ணும் இதில் ஏறக்குறையச் சமம். "அடுப்பூதும் பெண்களுக்குப் படிப்பெதற்கு?" என்று கேட்ட நாட்டில் நடந்திருக்கும் இந்தக் காரியத்திற்கு, ஒரு கடவுளுக்கும் நாம் நன்றி செலுத்த வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் கட்டினவர்களுக்கும், சோறு போட்டவர்களுக்கும், இடஒதுக்கீட்டுக்குப் போராடினவர்களுக்கும், தெருவில் கல்லடிபட்டுப் பேசினவர்களுக்கும் செலுத்தினால் போதும்.

நிற்க. வாசற்படி தாண்டியாகிவிட்டது, உள்ளே எந்த அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள் என்பதை இனிப் பார்ப்போம். 2020-21-ம் வருஷத்துக் கணக்கைப் பாருங்கள். பி.ஏ. படித்தவர்களில் 100-க்கு 52, 53 பேர் பெண்கள். இஞ்சினீயரிங் படித்தவர்களிலோ 100-க்கு 29 பேர்கூட இல்லை. சட்டப் படிப்பிலும் பெண்கள் பாதியை எட்டவில்லை. மனையியல் என்று ஒரு பாடம் இருக்கிறதே, அதில் ஆண்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நர்ஸ் படிப்பும் அப்படியே.

கலைப் பாடங்களுக்குள்ளேயும் ஒரு வருணாசிரமம் இருக்கிறது. இலக்கியம், மனோதத்துவம், மனையியல் இவையெல்லாம் பெண்ணுக்கு ஏற்றவை. பொருளாதாரம், அரசியல், தத்துவம் இவையெல்லாம் ஆணுக்கு ஏற்றவை என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். இது நம் நாட்டு நோய் மாத்திரமல்ல. அமெரிக்காவில் மனோதத்துவத்தில் பட்டம் வாங்குகிறவர்களில் ஐந்தில் நான்கு பேர் அளவுக்குப் பெண்கள். பொருளாதாரத்தில் பட்டம் வாங்குகிறவர்களிலோ மூன்றில் ஒருவர் அளவுக்கே பெண்கள். அதாவது மனசைப் பற்றிப் படிப்பது பெண், பணத்தைப் பற்றிப் படிப்பது ஆண்! வீட்டில் அழுகிற குழந்தையைத் தேற்றுவது தாய், பெட்டிச் சாவி வைத்திருப்பது தகப்பன் என்ற ஏற்பாடு அப்படியே சர்வகலாசாலைக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

"இதிலென்ன தப்பு? இயற்கையாகவே பெண்களுக்கு மென்மையான பாடம் பிடிக்கிறது, ஆண்களுக்குக் கடினமான பாடம் பிடிக்கிறது" என்று படித்தவர்களே சொல்லுகிறார்கள். இயற்கை என்றால் என்ன? தண்ணீர் பள்ளத்தில் ஓடுவது இயற்கை. மதுரையிலும் ஓடும், மாஸ்கோவிலும் ஓடும். நேற்றும் ஓடிற்று, நாளையும் ஓடும். இடத்துக்கு இடம், காலத்துக்குக் காலம் மாறுவதற்கு இயற்கை என்றா பெயர்? கம்ப்யூட்டர் படிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 1980-களின் நடுவில் அந்தப் பட்டம் வாங்கினவர்களில் 100-க்கு 37 பேர் பெண்கள். அடுத்த 25 வருஷங்களில் அது 20-க்கும் கீழே இறங்கிவிட்டது. 25 வருஷத்தில் பெண்ணின் மூளை சுருங்கிப் போய்விட்டதா? நம் நாட்டிலோ அதே கம்ப்யூட்டர் படிப்பில் பெண்கள் அங்கிருப்பதைவிட வெகு அதிகம். சமுத்திரத்தைத் தாண்டினால் மூளை மாறுமா? இந்தியாவில் 2021-22-ல் விஞ்ஞானப் பாடங்கள் படித்த 57 லட்சம் பேரில் பெண்கள் சுமார் 30 லட்சம், ஆண்கள் சுமார் 27 லட்சம். "பெண்புத்தி பின்புத்தி" என்று பழமொழி சொன்னவன் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வான்?

இன்னொன்று சொல்லுகிறோம். 15 வயதில் கல்யாணமாகி, 18 வயதில் கைக்குழந்தையோடு விதவையான லலிதா என்ற பெண், 1940-களில் சென்னைக் கிண்டி இஞ்சினீயரிங் கல்லூரியில் படித்துத் தேறினார். பட்டச் சான்றிதழில் ஆணைக் குறிக்கும் சொல்லையே அச்சடித்து வைத்திருந்தார்கள். அதை அடித்துவிட்டுப் பெண்ணைக் குறிக்கும் சொல்லை எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. தோழர்களே, அந்தப் பெண்ணின் மூளையில் ஒரு குறையுமில்லை. குறை அச்சடித்த காகிதத்தில்தான் இருந்தது. அந்தக் காகிதம் இன்றைக்கும் நம் ஒவ்வொருவர் தலைக்குள்ளும் இருக்கிறது.

அந்தக் காகிதத்தை அச்சடித்தவர்கள் பாமரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். 1948-49-ல் டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் சர்வகலாசாலைக் கல்விக் கமிஷன் உட்கார்ந்தது. பெரிய பெரிய பண்டிதர்கள் சேர்ந்து, பெண்களுக்கு ஏற்ற விசேஷப் படிப்புகள் என்று மனையியல், நர்ஸ் வேலை, ஆசிரியர் வேலை, நுண்கலை ஆகியவற்றை எழுதி வைத்தார்கள். சமைக்க ஒருத்தி, நோயாளியைத் துடைக்க ஒருத்தி, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல ஒருத்தி, பாட ஒருத்தி! மனு சமஸ்கிருதத்தில் சொன்னதை இவர்கள் இங்கிலீஷில் சொன்னார்கள். பிறகு 1962-ல் ஹன்ஸா மேத்தா என்ற அம்மையார் தலைமையில் உட்கார்ந்த கமிட்டி, ஆணுக்கொரு பாடம் பெண்ணுக்கொரு பாடம் என்பது கூடாது என்று தெளிவாகச் சொல்லிற்று. 1964-66 கோத்தாரி கமிஷனும் அதை ஒப்புக்கொண்டது. ஏட்டில் அன்றோடு இந்த வழக்குத் தீர்ந்துவிட்டது. வீட்டில்தான் தீரவில்லை.

வீட்டில் ஏன் தீரவில்லை? நமக்கு நேரில் தெரிந்த ஒரு சங்கதியைச் சொல்லுகிறோம். பெயர் வேண்டாம். மேலூர்ப் பக்கத்துத் தோழர் ஒருவர்; நம் இயக்கத்தவர்; தாலியில்லாமல், புரோகிதனில்லாமல் கல்யாணம் செய்துகொண்டவர். அவருக்கு ஒரு மகன், ஒரு மகள். மகனுக்கு மார்க்கு சுமார். அவனை இஞ்சினீயரிங் காலேஜில் சேர்க்க, இருந்த இரண்டு ஏக்கரில் ஒன்றை அடகு வைத்தார். இரண்டு வருஷம் கழித்து மகள் அவனைவிட அதிக மார்க்கு வாங்கிக்கொண்டு வந்து, பொருளாதாரம் படித்து மேலே பெரிய படிப்புக்கு வெளியூர் போக வேண்டும் என்று கேட்டாள். தோழர் சொன்னார்: "இங்கிலீஷ் பி.ஏ. படி. பக்கத்துக் காலேஜ். ஒரே பஸ். பின்னால் பி.எட். முடித்தால் டீச்சர் வேலை. நாளைக்கு வருகிற இடத்திலும் குறை சொல்ல மாட்டார்கள்."

அன்று அந்தத் திண்ணையில் நாமும் இருந்தோம். மோர் குடித்துக்கொண்டிருந்தோம். அந்தப் பெண் நம் முகத்தைப் பார்த்தாள். மேடை மேடையாகப் பெண் விடுதலை பேசுகிறவராயிற்றே, நமக்காக ஒரு வார்த்தை பேசுவார் என்று பார்த்தாள். நாம், "அப்பா உன் நன்மைக்குத்தானே சொல்லுகிறார் அம்மா" என்றோம். அவ்வளவுதான். அவள் உள்ளே போய்விட்டாள். இங்கிலீஷ் பி.ஏ. படித்தாள், முடித்தாள், கல்யாணமாயிற்று. மகனோ படித்த படிப்புக்கு வேலை கிடைக்காமல், சம்பந்தமில்லாத ஒரு கம்பெனியில் இருக்கிறான். அடகு இன்னும் மீளவில்லை.

தோழர்களே, இங்கிலீஷ் பி.ஏ. மட்டமான படிப்பு என்று நாம் சொல்லவில்லை. இலக்கியம் படிக்க ஆசைப்பட்டுப் படிக்கிற பெண்ணுக்கு அதைவிட உயர்ந்த படிப்பு இல்லை. கலைப் படிப்பே உதவாது, இஞ்சினீயரிங்தான் படிப்பு என்பதும் ஒரு புதிய மூடநம்பிக்கைதான். நாம் கேட்பது ஒரே கேள்வி: அதைத் தேர்ந்தெடுத்தது யார்? அவளா, வரப்போகும் மாப்பிள்ளையா? பார்த்தறியாத, பெயர் தெரியாத, இன்னும் நிச்சயமே ஆகாத ஒரு ஆண்பிள்ளை, 17 வயதுப் பெண்ணின் காலேஜ் விண்ணப்பத்தை நிரப்புகிறான்! இதைவிடப் பெரிய பேய்க்கதை எந்தப் புராணத்தில் இருக்கிறது? பேயை நம்பாதே என்று ஊர் ஊராய்ச் சொல்லுகிற நாம், இந்த மாப்பிள்ளைப் பேய்க்கு மாத்திரம் படையல் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

"பணம் இல்லையே, என்ன செய்வது?" என்பார்கள். மகனுக்கு அடகு வைக்க நிலம் இருந்தது. மகள் கல்யாணத்திற்கு நகை வாங்கவும் கடன் கிடைத்தது. நடுவில் அவள் படிப்புக்கு மாத்திரம் பணமில்லை. அந்த நகைப் பணத்தில் பாதி அவளுடைய மேல்படிப்புக்குக் காணாதா? அன்றியும் அந்த நிலத்தில் அவளுக்கும் பங்குண்டு. பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டுமென்று 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். 60 வருஷம் கழித்து, 1989-ல் அது தமிழ்நாட்டில் சட்டமாயிற்று. 2005-ல் இந்தியா முழுவதற்கும் வந்தது. அடகு வைக்கும்போது அவள் பங்கையும் சேர்த்தல்லவா வைத்தோம்? அவளைக் கேட்டோமா?

"தூரம், பயம்" என்பார்கள். 2021 முதல் சர்க்காரின் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. 2022 முதல் சர்க்கார் பள்ளியில் படித்து மேலே படிக்கப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் அவள் பெயரிலேயே பாங்கியில் விழுகிறது. இந்தப் பணத்தின் பூர்வோத்தரத்தைக் கவனியுங்கள். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் 1989-ல் ஏற்பட்ட கல்யாண உதவித் திட்டத்தைத்தான் படிப்பு உதவியாக மாற்றினார்கள். தாலிக்குப் போன பணம் புத்தகத்துக்குத் திரும்பிற்று. சர்க்காரே மனதை மாற்றிக்கொண்டது; நாம் மாற்றிக்கொள்ளக் கூடாதா? பயம் என்றால், பயப்படுத்துகிறவனை அடக்குவதுதான் முறையே ஒழிய, பயப்படுகிறவளைப் பூட்டி வைப்பது முறையல்ல. திருடன் வருவான் என்று யாராவது நெல்லை விதைக்காமல் இருக்கிறோமா?

ஆண்பிள்ளைகளுக்கும் இதில் நஷ்டம் உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். தமிழ் படிக்க, வரலாறு படிக்க, பாட்டு எழுத ஆசைப்படுகிற பையன் எத்தனை பேர்! "பொம்பளைப் பிள்ளை படிக்கிற படிப்பை நீ படிப்பதா?" என்று ஒரு வார்த்தையில் அவன் ஆசையை அறுத்து எறிகிறோம். பெண்ணை இழிவாக நினைப்பதால்தானே பெண் படிக்கிற பாடமும் இழிவாகப் போயிற்று? ஒருவன் தொட்ட தண்ணீர் தீட்டு என்பதற்கும், பெண் தொட்ட பாடம் தாழ்வு என்பதற்கும் என்ன வித்தியாசம்?

இன்னும் ஒரு வேடிக்கை. படிப்புக்குக் கடவுள் சரஸ்வதி, அவள் பெண். அவளைக் கும்பிட்ட நாட்டில் பல நூறு வருஷம் பெண்ணுக்கு எழுத்து வாசனை கிடையாது. நம் மதுரைக்கோ ராணி மீனாட்சி. எட்டுத் திக்கும் படையெடுத்து ஜெயித்தாள் என்று கதை. "உங்கள் வீட்டில் மதுரையா, சிதம்பரமா?" என்று கேலி பேசுகிறோம். கோவிலில் கல்லுக்குத்தான் மதுரை ஆட்சி. வீட்டிலிருக்கிற உயிருள்ள மீனாட்சிகளுக்கு எந்தப் பாடம் படிப்பது என்று சொல்லும் ஆட்சிகூடக் கிடையாது. கல்லுக்குக் கொடுத்த மரியாதையில் பாதியைப் பெண்ணுக்குக் கொடுத்திருந்தால் இந்தக் கூட்டமே தேவையில்லை.

ஆகவே முடிவாக நாம் சொல்லுவது மூன்றே காரியங்கள்.

ஒன்று, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண் இருக்கும் வீட்டில், காலேஜ் விண்ணப்பத்தை அவள் கையில் கொடுங்கள். பாடம் எழுதும் கட்டத்தை அவளே நிரப்பட்டும். அவளுக்குத் தெரியாததைச் சொல்லிக்கொடுங்கள். பொருளாதாரம் என்றால் என்ன, சட்டம் படித்தால் என்ன வேலை, இலக்கியம் படித்தால் என்ன வேலை என்று படித்தவர்களை அழைத்து வந்து சொல்லச் சொல்லுங்கள். முடிவு மாத்திரம் அவளுடையதாக இருக்கட்டும்.

இரண்டு, மகனுக்கு எவ்வளவு செலவழிக்கிறீர்களோ, அதைச் சுவரில் எழுதி வையுங்கள். மகள் முறை வரும்போது அந்தச் சுவரைப் பாருங்கள்.

மூன்று, நம் தோழர்களுக்குச் சொல்லுவது. மேடையில் பேசுவது சுலபம். கைதட்டுவார்கள். திண்ணையில் பேசுவதுதான் கஷ்டம். மோர் கொடுத்தவர் முகம் கோணும். கோணட்டும். நாம் அன்றைக்கு அந்த ஒரு முகம் கோணாமல் இருப்பதற்காக ஒரு பெண்ணின் படிப்பை விலையாகக் கொடுத்தோம். "பெரியார்" என்ற பெயரை அவருக்குக் கொடுத்தது 1938-ல் சென்னையில் கூடிய பெண்கள் மாநாடு. அவருடைய தொண்டர் என்று சொல்லிக்கொண்டு ஒரு பெண்ணுக்காக ஒரு வார்த்தை பேசாமலிருந்தது நமக்கு வெட்கம். அந்தப் பெண்ணுக்கு இன்று ஒரு குழந்தை, பெண் குழந்தை. அந்தக் குழந்தை விண்ணப்பம் எழுதும் நாளில் எவன் வாயிலாவது அந்த வார்த்தை வருமானால், நாம் இன்று பேசியது வீண்போகவில்லை என்று அர்த்தம்.

மாட்டுச் சந்தை இந்த இடத்தைவிட்டுப் போய்விட்டது. துண்டு மாத்திரம் நம் தோளில் இருக்கிறது. அதை வியர்வை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். பெண்ணின் படிப்பை மூடி விலை பேச வைத்துக்கொள்ள வேண்டாம்.